திராவகத்தில் வெந்த பால்

தாய்ப்பால் கருகுகிற வாடை எப்படி இருக்கும் என்று சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. தலைமுடி பொசுங்குகிற வாடையும் வெல்லம் தீய்கிற வாடையும் கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், பால் சோதிக்கிற அறையில் கண்ணாடி கழுவும் வேலையில் இருந்தேன். அந்த வாடை புடவையில் ஏறியது, தலையில் ஏறியது, சோற்றிலும் இருந்தது. இப்போதும் எங்காவது பால் பொங்கி அடுப்பில் விழுந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

எனக்கு ஊர் வில்லியனூர். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை. வீட்டுக்காரர் சைகோனுக்குப் போனார். கொஞ்ச நாள் கடுதாசி வந்தது, அப்புறம் வரவில்லை. பிள்ளை இல்லை. வேலைக்குப் போனேன். காலையில் ரயில், சாயங்காலம் ரயில். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த பொம்பிளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போவார்கள்.

அறைக்குப் பெரியவர் டாக்டர். நம் ஆள்தான், பிரெஞ்சுப் படிப்பு. கிராமத்துக் கைக்குழந்தைகள் தேறாமல் வாடிப்போவதைப் பார்த்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தாய்ப்பாலில் சத்துக் குறைவோ என்று. கொழுப்பு இல்லையாம், இனிப்பும் இல்லையாம். உடம்பில் சதை வைக்கிற சத்து ஒன்று உண்டாம், முட்டையின் வெள்ளையில் இருக்கிற மாதிரி. அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அந்த அறையின் வேலை.

பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் வைத்தியசாலைகளிலிருந்து புட்டிகள் வரும். ஈர மணல் போட்ட சட்டியில் நிறுத்திக் கொண்டுவருவார்கள். அப்படியும் பாதி புளித்துப்போகும். சிலது நீலம் பாய்ந்திருக்கும். சிலது மஞ்சளாய்த் திரிந்திருக்கும். மேலே ஆடை கட்டி அதில் முடி ஒட்டியிருக்கும். பொம்பிளை மாரிலிருந்து பிள்ளை வாய்க்கு நேரே போகவேண்டிய பண்டம் அது. நடுவில் யார் கண்ணும் படக்கூடாது. அது அலமாரியில் வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்குக் குமட்டியது. பழகினால் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

உதவிக்கு ஒரு இளவட்டம் இருந்தான். அதுவரை மூத்திரம் சோதித்துக்கொண்டிருந்தவன். பாலுக்குப் புதிது. வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, காபிக்கு எந்தப் புட்டிய எடுக்கட்டும்?" என்றான் ஒருநாள்.

"உங்க ஆத்தாளுது வந்திருந்தா எடு" என்றேன்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை விட்டான்.

அளக்கிற விதம் இரண்டு. ஒன்று சுலபம். பாலில் தண்ணீர் கலந்து, அடையாளக் கோடு போட்ட குழாயில் ஊற்றி, மேலே மஞ்சளாய் ஒரு தண்ணீர் விடுவார்கள். மூடி, மெதுவாய்த் தலைகீழாய்க் கவிழ்த்து நிமிர்த்துவார்கள். பால் திரிந்து திரிதிரியாய் இறங்கும். மறுநாள் அடியில் தங்கியது எந்தக் கோடு வரைக்கும் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சீழ் தங்கின மாதிரி இருக்கும். அதைச் சுரண்டிக் கழுவுவது என் வேலை. மஞ்சள் என் விரலை விட்டுப் போகாது. ஊரில் காமாலையா என்று கேட்பார்கள்.

இரண்டாவதுதான் நிஜமான அளவு என்பார் டாக்டர். நீளக் கழுத்துக் குடுவையில் பாலை விட்டு, எண்ணெய் மாதிரிக் கெட்டியான கந்தகத் திராவகத்தை ஊற்றுவார்கள். ஒரு துளி மயில்துத்தம். அடியில் நெருப்பு. பால் பழுப்பாகும், கறுப்பாகும், தார் மாதிரி நுரைத்துக் கழுத்து வரைக்கும் ஏறும். வெள்ளைப் புகை வந்து தொண்டையைப் பிடிக்கும். ஜன்னல் எல்லாம் திறந்தும் பிரயோசனம் இல்லை. மத்தியானம் வரைக்கும் கொதித்துக் கொதித்துக் கடைசியில் தெளிந்துவிடும். அப்புறம் ஆறவைத்து அதில் காரத்தண்ணீர் விட்டுக் காய்ச்சுவார்கள். அப்போது ஒரு வாடை கிளம்பும். வெயிலில் கிடந்த மூத்திரக் குழி வாடை. கண்ணில் தண்ணீர் வரும். அந்த ஆவியைக் குழாய் வழியாக வேறொரு புளிப்புத் தண்ணீரில் பிடித்து, சொட்டுச் சொட்டாய் மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள்.

"இந்த வாடைதாம்மா சத்து" என்றார் டாக்டர். "எவ்ளோ நாறுதோ அவ்ளோ இருந்துச்சின்னு அர்த்தம்."

பிள்ளை குடிக்கிற பாலின் அருமை மூத்திர நாற்றத்தில்தான் தெரியும் என்றால் அந்தப் படிப்பு எனக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். கழுவிக் கவிழ்த்தேன்.

பாகூர் வைத்தியசாலையிலிருந்து புட்டி கொண்டுவருகிற சேவகன் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டான். ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லிவிட்டான். மார்ப்பாலைத் திராவகத்தில் போட்டுக் கருக்குகிறார்கள் என்று.

எங்கள் பக்கத்தில் தாய்ப்பால் நெருப்பில் படக்கூடாது. பட்டால் கொடுத்தவள் மார் வெந்துபோகும், பால் வற்றும் என்பார்கள். மிஞ்சிப் பீய்ச்சுகிற பாலைக்கூட செடி அடியில் விடுவார்கள், சுவரில் தெளிப்பார்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். சேவகன் சொன்ன பிறகு புட்டிகள் குறைந்தன. டாக்டருக்குக் காரணம் தெரியவில்லை. என்னை அவர் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குருவிநத்தத்துப் புட்டி வந்தது.

கரும்பு வைக்கிற குடும்பம். தலைச்சன் பிள்ளை, பெண். பிறந்தபோது நன்றாய் இருந்து அப்புறம் எடை ஏறவில்லை, அழுதபடியே இருக்கிறது என்று பாகூர் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாலைச் சோதிக்க அனுப்பு என்று அங்கே சொல்லிப் புட்டி கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய் நிரப்பிக் கொடுத்தார்கள்.

அன்று டாக்டர் இல்லை. காரைக்காலில் காலரா என்று கப்பல் ஏறிப் போயிருந்தார். இளவட்டம்தான் பார்த்தான். மஞ்சள் குழாயில் பால் தயிராய்க் கட்டி பாதிக்கு மேல் நின்றது. குடுவையில் கொதிக்கவைத்தான். அன்றைய நாற்றத்துக்கு நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "எம்மாடி, எவ்ளோ சத்து! குழந்தைக்கு எப்பிடி செரிக்கும்?" என்றான். அவனே ஒரு சீட்டு எழுதினான். பால் மிகவும் கனம், குழந்தைக்கு ஆகாது, நிறுத்தவும், மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கவும். சேவகன் கையில் போனது.

டாக்டர் திரும்பி வந்ததும் கணக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"எந்த மனுஷிக்குடா இவ்ளோ இருக்கும்? மனுஷிப் பால்ல இதுல மூணுல ஒரு பங்குகூட இருக்காது. இது ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ. அவ இன்னா ஆட்டுக்குட்டியா பெத்தா?"

"வந்தது அதான் முசே" என்றான் இளவட்டம். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவான்.

"வந்ததுன்னா? மூளை எங்க வச்ச? சீட்டு போயிடுச்சா?"

"போயிடுச்சி முசே. நிறுத்தச் சொல்லி."

டாக்டர் அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ போ. ஆம்பிளைய அனுப்பினா உள்ள விடமாட்டாங்க. உன் கண்ணு முன்னால பீய்ச்சி எடுத்துக்கினு வா. பால் வத்தறதுக்குள்ள போகணும். வத்திட்டா அந்தக் குழந்தை போயிடும்."

பாகூர் வரைக்கும் மோட்டார் பஸ். அப்புறம் மாட்டுவண்டி. குருவிநத்தத்தில் அந்த வீட்டைக் கேட்டபோதே ஒரு கிழவர் சொன்னார், "பாலு கெட்டுப்போன வூடா? அதோ" என்று. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

வாசலில் வெள்ளாடு கட்டியிருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் நிர்வாகம் எல்லாம் புருஷனுடைய அக்காள் கையில். தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் கறுத்தது. ஆனாலும் உள்ளே விட்டாள்.

அந்த அறையின் நாற்றத்தை நான் மறக்கவே மாட்டேன். பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள். கட்டியிருந்தார்கள். பழசை எடுக்காமல் அதன்மேல் புதுசு புதுசாய் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பூ அழுகிக் கறுத்து, கசிந்த பால் அதில் புளித்து, வியர்வையோடு ஊறிக் கிடந்தது. எத்தனையோ புட்டி கழுவினவள் நான். துணியை அவிழ்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பூ தோலோடு பிசினாய் ஒட்டியிருந்தது. இடது மார் கல்லாய் இறுகி, சிவந்து, தொட்டால் கொதித்தது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு. பிள்ளை தூளியில் கிடந்தது. அழக்கூட இல்லை. பூனைக்குட்டி மாதிரிச் சத்தம்.

"மாட்டுப்பால் குடிக்குதா?" என்றேன்.

"சங்குல ஊத்தறோம். அப்பிடியே கக்கிடுது" என்றாள் நாத்தனார்.

"புட்டியில ஊத்தி அனுப்பினது யாரு?"

"நான்தான்."

"யாரு பாலு?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"வாசல்ல கட்டியிருக்குதே, அதனுதா?"

"ஆமாம், அதனுதுதான். இன்னா இப்ப?" என்று குரலை உயர்த்தினாள். "நெருப்புல வச்சிக் கருக்கறாங்களாமே. சேவகன் சொன்னான். எங்க வூட்டுப் பொண்ணு மாரு வெந்துபூட்டா நீங்களா வந்து பாலு குடுப்பீங்க? அத்தொட்டுதான் ஆட்டைக் கறந்தேன். சும்மா ஊத்தல. இவ மாரைச் சுத்தி மூணு தபா சுத்தி, இவ பேரைச் சொல்லித்தான் ஊத்தினேன்."

"அப்ப அது ஆட்டுப்பாலுன்னு உனக்குத் தெரியும். நிறுத்துன்னு சீட்டு வந்தப்ப ஏன் நிறுத்தின?"

என்னை ஒரு விவரம் கெட்டவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"கோயில்ல ஆளுக்குப் பதிலா ஆட்டைத்தான வெட்டறோம்? சாமி அதை அந்த ஆளுதுன்னு ஏத்துக்குதில்ல? இவ பேரைச் சொல்லிச் சுத்தின பாலு இவுளுதுதான். அது கனம்னா இவுளுது கனம்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறாள். காப்பாற்றுவதற்கென்றே இப்படிப் பூவில் வைத்து அழுகடித்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

"யக்கா" என்றாள் அந்தப் பெண், மெதுவாய். "என் பாலு வெஷம் இல்லியா?"

"இல்ல. உன் பாலை இதுவரிக்கும் யாரும் பாக்கவேயில்ல."

வெந்நீர் கொண்டுவரச் சொல்லி பூவைக் கழுவினேன். விரலால் சுரண்டித்தான் எடுக்கவேண்டி இருந்தது. பிள்ளையைத் தூக்கி வலது மாரில் வைத்தேன். அது வாயைத் திறந்து, முகத்தைச் சுளித்து, தலையைத் திருப்பிக்கொண்டது. அத்தனை பசியிலும் அந்த அழுகல் வாடை அதற்கும் பிடிக்கவில்லை. சீயக்காய் தேய்த்து மறுபடி கழுவலாம் என்று எழுந்தேன். அதற்குள் புருஷன்காரன் கரும்புக் கொல்லையிலிருந்து வந்துவிட்டான்.

"இன்னா நடக்குது இங்க?"

சொன்னேன். ஆஸ்பத்திரியில் புட்டி கழுவுகிறவள் என்பதையும் சொன்னேன். ஆட்டுப்பால் என்றதும் அக்காளைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் அவளை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டான்.

"நிறுத்துன்னு சீட்டு வந்துச்சி. குடுன்னு சீட்டு கீதா?"

"இல்ல. டாக்டரு வாயால சொன்னாரு."

"யம்மா, நீ புட்டி கழுவற பொம்பிள. உன் பேச்சைக் கேட்டுக் குடுத்து, கொழந்தை செத்துப்போச்சின்னா ஊருல யாரைக் கேப்பாங்க? இந்தத் தபா இவ பாலையே எடுத்துக்கினு போ. சோதிச்சி நல்லதுன்னு சீட்டு குடு. அப்பத்தான் குடுப்பா."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "டேய், மறுபடி கருக்குவாங்கடா. உள்ள பாலும் பூடும்."

"பூட்டா பூட்டும். வெஷத்தைக் குடுக்க முடியாது."

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எடுத்துக்கினு போங்க யக்கா. கருக்குங்க. மாரு வெந்தா வேவட்டும்."

வலது மாரில் ஒத்தடம் கொடுத்துப் பீய்ச்சினேன். புட்டி நிரம்பவில்லை. கால்வாசிதான் வந்தது. இடதில் மஞ்சளாய் ஏதோ கசிந்தது, பால் இல்லை. சீட்டு வரும் வரைக்கும் பீய்ச்சி விட்டபடியே இரு, பூவைக் கட்டவிடாதே என்று சொன்னேன். நாத்தனாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

பாகூரும் பாண்டியும் பிரெஞ்சுக்காரன் நிலம், இடையில் பஸ் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் புகுந்து வரும். அங்கே சுங்கச் சாவடி. பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிற ஆள் என் மடியிலிருந்த சட்டியைப் பார்த்தான்.

"இன்னாது மணலுக்குள்ள? பிரெஞ்சு சாராயமா?"

"பாலு."

"பாலை எவளாச்சும் புட்டியில ஒளிச்சி எடுத்துக்கினு போவாளா? யாரை ஏமாத்தற?" என்று மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கவிழ்த்து முகர்ந்து, நாக்கிலும் வைத்தான்.

"தாய்ப்பாலுய்யா" என்றேன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் துப்பினான், கையை உதறினான், சட்டையில் துடைத்தான், தண்ணீர்ப் பானைக்கு ஓடினான். அந்த அவசரத்தில் புட்டியிலிருந்ததில் பாதி தரையில் கொட்டிக் கிடந்தது. அவ்வளவு வலியில் எடுத்த பால். நான் சிரிக்கவில்லை.

இருந்த கொஞ்சத்தை வைத்து மஞ்சள் குழாயில் பார்க்க முடியாது, குடுவையில்தான் போடவேண்டும் என்றார் டாக்டர். நான் வெளியே போகவில்லை. அன்று பக்கத்திலேயே நின்றேன். திராவகம் பட்டதும் பால் சுருண்டது. கறுத்தது. கழுத்து வரைக்கும் ஏறி இறங்கியது. அந்தப் பெண் அங்கே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அந்த நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குடுவையை எடுத்துக் கீழே போட்டுவிடலாமா என்றிருந்தது. போட்டால் மறுபடி பால் எடுக்க வழி இல்லை. நின்றேன்.

காரத்தண்ணீர் விட்டபோது மூத்திர வாடை கொஞ்சமாய்த்தான் வந்தது. டாக்டரே சொட்டு விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"எல்லாரையும் போலத்தான். நல்ல பால்" என்றார். "பால்ல கோளாறு இல்ல. அந்தக் குழந்தைக்கு வேற ஏதோ வயித்துக் கோளாறு, அது தானா சரியாப் போயிருக்கும். நாமதான் கெடுத்துட்டோம்."

நாமதான் என்று சொன்னார். சீட்டு எழுதி என்னிடமே கொடுத்தார்.

மறுபடி போனபோது வாசல் வரைக்கும் பிள்ளையின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போனேன். பிள்ளை தூளியில் கண் திறந்து கிடந்தது. இன்னும் இளைத்திருந்தது. புருஷன்காரனுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லதுன்னு போட்டுக்குதா?" என்றான். போட்டிருக்கிறது என்றேன். "அப்ப குடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இத்தனையும் ஒரு துண்டுக் காகிதத்துக்காக.

இடது மாரில் கட்டி உடைந்திருந்தது. சீழ் ஓடித் துணியை நனைத்திருந்தது. அந்த நாற்றத்தை எழுதவேண்டாம். இனி அதில் பால் இல்லை, பார்த்தாலே தெரிந்தது.

நாத்தனார் கதவோரம் நின்றாள். "பாத்தியா? நான் சொன்னேனில்ல? நீங்க கருக்கினீங்க, இங்க வெந்துபூட்டுச்சி."

நான் எடுத்துப்போனது வலது மார்ப் பால். வெந்தது இடது. அவளுக்கும் அது தெரியும், நின்று பார்த்தவள்தான். பூ கட்டினது அவள் கை. சொன்னாலும் அவள் வேறு ஒன்று சொல்லுவாள். கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அந்தப் பெண் வலது மாரைத் தானே கழுவிக்கொண்டு பிள்ளையை எடுத்தாள். பிள்ளை முகத்தை உரசியது. திருப்பிக்கொள்ளவில்லை. பிடித்தது. முதலில் ஒன்றும் வரவில்லை போல, விட்டுவிட்டுக் கத்தியது. மறுபடி வைத்தாள். மறுபடி பிடித்தது. அவள் கால் கட்டைவிரல் தரையில் அழுந்தியதிலிருந்து பால் இறங்கிவிட்டது என்று தெரிந்தது.

"ஒண்ணு போதுங்க்கா" என்றாள். "ஒத்த மாருலயே வளந்துக்கும்."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. கடைவாயில் வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்தாள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.